கம்பிப் பதம்

இரண்டு தட்டுகள். நடுவில் ஒரு சொட்டுக் காபி.
மேல்தட்டு வெடுக்கென்று எழும்ப
சொட்டு இழுபட்டு, இடை சிறுத்து,
நூலாகி,
அறுகிறது.

ஐந்து வாரமாய் நான் எண்ணிக்கொண்டிருப்பது
இதை மட்டும்தான்:
அறுவதற்கு ஆகும் நேரம்.

கோத்தன்பர்க்கில் ஜனவரி.
மூன்றரை மணிக்கே ஜன்னல் கறுத்துவிடும்.
வெளியே டிராம் போனால்
அளவீட்டுக் கோட்டில் ஒரு சின்ன நடுக்கம் விழும்.
அதைக் கண்டுபிடித்தவன் சிக்ஸ்டன்,
என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவன், கருவி மெக்கானிக்.
பழைய கார் டயரை நறுக்கி
கருவியின் காலடியில் செருகிவிட்டுச் சொன்னான்:
"ரப்பருக்குத் தெரியும், குன்வோர்,
எதைத் திருப்பித் தருவது,
எதைத் தானே வைத்துக்கொள்வது என்று."

அக்டோபரில் அவன் தலைக்குள் ஒரு குழாய் அடைத்தது.
வலக்கை போயிற்று. பேச்சில் பாதி.
தொண்டையின் கதவு
நேரத்துக்கு மூட மறந்தது.
தண்ணீர் அவசரக்காரன்,
கதவு சாத்துமுன் மூச்சுக்குழலில் நுழைந்துவிடுவான்.
ஆகவே மாவு.
பழரசத்தில், சூப்பில்,
நாளுக்கு ஒன்பது கோப்பை குடித்தவனின்
கறுப்புக் காபியிலும் மாவு.

முதல் கோப்பையை நானே கலக்கிக் கொண்டுபோனேன்.
சுழலும் தட்டில் அளந்தது.
கையேட்டின் எண்ணுக்கு மயிரிழை பிசகாது.
ஒரு கரண்டி விழுங்கினான்.
இருமினான்.
கட்டில் அதிர இருமினான்.
செவிலி யோர்டிஸ் என் கையிலிருந்து கோப்பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

மூச்சு வந்ததும்
இடக்கையால் கோணல்மாணலாய் எழுதினான்:
"வால்பேப்பர் பசை."
அதன் கீழே இன்னொன்று:
"தேய்த்துப் பார்த்தாய். இழுத்துப் பார்த்தாயா?"

இழுத்துப் பார்க்கவில்லை.

தொண்டை வெறுமனே தேய்ப்பதில்லை,
கவளத்தை நீட்டி இழுத்தே உள்வாங்குகிறது.
மாவுக் காபி பார்க்கத்தான் கெட்டி.
இழுத்தால் பொசுக்கென்று அறுந்து துணுக்காகும்.
ஒரு துணுக்கு போதும்.
அவன் பிறந்த கிரென்னாவில்
சிவப்பு வெள்ளை மிட்டாய் செய்பவர்கள்
பாகைக் கொக்கியில் மாட்டி இழுத்துத்தான் பதம் சொல்வார்கள்.
எவ்வளவு கெட்டி என்று கேட்பதில்லை,
எதுவரை வருவாய் என்று கேட்பார்கள்.

அதன் பிறகுதான் இந்தத் தட்டுகள், இந்த வேகக் கேமரா.
ஒரு சோறு பதம் இங்கே செல்லாது,
கோப்பைக்கு நாற்பது சொட்டு இழுத்தேன்.
நீரின் நூல்: பார்க்கத் தொடங்குமுன் இல்லை.
மாவு: குட்டை நூல், முரட்டு முறிவு.
பிறகு ஒரு பிசின், அரைச் சிட்டிகை.
அதன் நீண்ட சங்கிலிகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு
மெலிகின்றன, மெலிகின்றன,
இன்னும் மெலிகின்றன,
விட மறுக்கின்றன.
கடைசி இழையில் மணி கோத்ததுபோல் சிறு உருண்டைகள்.
அப்புறம்தான் அறுகிறது.
நொடியில் பத்தில் ஒன்று.

நிதிக்குழுவில் ஒருவர் கேட்டார்:
நொடியில் பத்தில் ஒன்றில் என்ன ஆகிவிடும்?
ஒரு கதவு மூடும், என்றேன்.

வியாழக்கிழமை. புதுக் கலவை.
யோர்டிஸ் உறிஞ்சுகுழாயைத் தயாராய்ப் பிடித்திருக்க,
சிக்ஸ்டன் வாயில் வாங்கினான்.
கழுத்தெலும்பு ஏறி இறங்கியது.
நாங்கள் மூவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்,
வராத இருமலை.

இன்னொரு கரண்டி. இன்னொன்று.
கோப்பையைக் கீழே வைத்துவிட்டு
மூன்று மாதத்தில் முதன்முறையாய்
காகிதத்தைத் தேடாமல் வாய் திறந்தான்.
சொல் இழுபட்டது, இடை சிறுத்தது,
அறுந்துவிடும் என்று நினைத்தேன்,

"ஆ… ஆறி… ஆறிப்போச்சு."

சூட்டில் நூல் சுருங்கும்.
எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்கவேண்டும்.
இரவு எட்டுக்கு ஆய்வகம் திரும்பி
தட்டின் வெப்பத்தை ஐம்பத்தெட்டுக்குத் திருகினேன்.
வெளியே டிராம் போயிற்று.
கோடு அசையவில்லை.